டிஎச்சிபிடி-க்கு அடுத்து எது: டிஎன்எஸ்மாஸ்க்கா, கியாவா, பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டுவதா?

நெட்வொர்க்கில் சேரும் கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் முறைதான் டிஎச்சிபி. அதற்கு ஐஎஸ்சி அமைப்பு எழுதிய ஐஎஸ்சி டிஎச்சிபி மென்பொருளுக்கான ஆதரவு 2022 இறுதியோடு முடிந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த 4.4.3-பி1தான் கடைசி வெளியீடு. ஆனாலும் அதன் சர்வரான டிஎச்சிபிடி இன்றும் பல இடங்களில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறதே, ஏன் தொட வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். தொடுவது என்று முடிவான பிறகு எங்கே போவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கையில் இருப்பவை மூன்று வழிகள்: பழைய மூலநிரலைச் சொந்தமாகப் பராமரிப்பது, டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய சர்வருக்கு இறங்குவது, ஐஎஸ்சி-யின் புதிய சர்வரான கியாவுக்கு ஏறுவது.

வசதிகளைப் பட்டியல் போட்டு டிக் அடித்தால் கியா சுலபமாக ஜெயித்துவிடும். அந்தப் பட்டியல் முடிவெடுக்க உதவாது. டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக் (ஒப்புதல்) என்று கருவியும் சர்வரும் பேசும் நான்கு பாக்கெட் பேச்சு 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2131 தரநிலையில் இருந்தபடியே இருக்கிறது. மூன்று மென்பொருளும் அதை ஒழுங்காகவே செய்கின்றன. எந்த முகவரி யாரிடம், எதுவரை என்கிற லீஸ் பதிவை எங்கே வைக்கிறது, அது தொலைந்தால் என்ன ஆகும், இரண்டு சர்வர்களிடம் இரண்டு விதமாக இருந்தால் யார் தீர்ப்பது என்பதில்தான் இவை பிரிகின்றன. பராமரிப்புச் சுமை முழுவதும் அந்த ஒரு பதிவைச் சுற்றித்தான் இருக்கிறது.

பழையதோடு தொடர்வது

டிஎச்சிபிடி லீஸ்களை ஒரே உரைக் கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும். அவ்வப்போது முழுக் கோப்பையும் புதிதாக எழுதிச் சுருக்கிக்கொள்ளும். லீஸை டிஸ்க்கில் எழுதி உறுதிசெய்த பிறகுதான் அக் அனுப்பும். மின்சாரம் போய் வந்தாலும் பதிவு பத்திரமாக இருப்பதற்கும், பெரிய நெட்வொர்க்கில் டிஸ்க் வேகமே தடையாகிவிடுவதற்கும் காரணம் அதுதான். லீஸ் கோப்பே இல்லையென்றால் சர்வர் தொடங்க மறுக்கும். வெறும் கோப்பாவது இருக்க வேண்டும்.

மூலநிரலை நீங்களே எடுத்துப் பராமரிக்க நினைத்தால், முதலில் இடறுவது அதற்குள் பொதிந்து வரும், ஐஎஸ்சி-யின் டிஎன்எஸ் சர்வரான பைண்டின் நூலகங்கள். டிஎச்சிபி நிரலில் எதுவும் மாறாவிட்டாலும் அந்த நூலகங்களில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தேடி எடுத்துப் பொருத்த வேண்டியது இனி உங்கள் வேலை. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 இந்தச் சர்வரை விலக்கிவிட்டு கியாவைத் தருகிறது. எனவே தயார்ப் பொதியும் எல்லா இடத்திலும் கிடைக்காது. வேறு சப்நெட்டின் கோரிக்கைகளைச் சர்வருக்குக் கடத்தும் ரிலேயான டிஎச்சிரிலேவும் கிளையன்டான டிஎச்கிளையன்டும் இதே குடும்பம்தான். அவற்றுக்கும் மாற்று பார்க்க வேண்டும். கிளையன்டுக்கு டிஎச்சிபிசிடி, நெட்வொர்க்மேனேஜர், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்று வழிகள் உண்டு. அது சர்வர் முடிவோடு பிணைந்ததல்ல, தனியாகவே எடுக்கலாம்.

வெளியாட்களின் கருவி எதுவும் செருகப்படாத மூடிய நெட்வொர்க், ஆண்டுக்கு ஒருமுறை மாறும் கான்ஃபிக், இரண்டு சர்வர் ஃபெயில்ஓவர் (ஒன்று விழுந்தால் மற்றது தாங்குவது) ஒழுங்காக ஓடுகிறது என்றால், இயக்க முறைமையை அடுத்து மேம்படுத்தும் நாள்வரை இதை வைத்துக்கொள்ளலாம். அந்த நாளை இப்போதே குறித்துவைத்தால்தான் இது ஒரு முடிவு.

டிஎன்எஸ்மாஸ்க்

சைமன் கெல்லி எழுதிப் பராமரிப்பது. ஜிபிஎல் உரிமம், பதிப்பு 2 அல்லது 3. டிஎன்எஸ் ஃபார்வர்டர், டிஎச்சிபி, டிஎஃப்டிபி, ஐபிவி6 ரவுட்டர் அறிவிப்பு எல்லாம் ஒரே புரோக்ராமில் இருக்கின்றன. மூலநிரலை இறக்கி 'மேக்' என்று அடித்தால் போதும். சி கம்பைலரைத் தவிர வேறொன்றும் பெரிதாகத் தேவையில்லை. டிபஸ், டிஎன்எஸ்செக் போன்றவை வேண்டுமென்றால்தான் கூடுதல் நூலகங்கள். ஒரு சிறு பேட்ச் போட்டு உங்கள் தேவைக்கு வளைப்பது மூன்றிலும் இதில்தான் எளிது.

லீஸ் பதிவு நினைவகத்தில் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் லீஸ் கோப்பு முழுவதையும் மறுபடி எழுதும். சில நூறு கருவிகளுக்கு இது பிரச்சினையே இல்லை. பல ஆயிரமானால் உறுத்தும். இயல்பான லீஸ் உச்சவரம்பு 1000 என்பதும் பலர் கண்ணில் படுவதில்லை. பூலில் (கொடுக்க ஒதுக்கிய முகவரி வரம்பில்) இடம் இருந்தும் புதிய கருவிக்கு முகவரி கிடைக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான். கால அளவு எதுவும் எழுதாவிட்டால் ஐபிவி4 லீஸ் 1 மணி நேரம்.

ரவுட்டர்களில் லீஸ் கோப்பை ஃபிளாஷ் தேயாமலிருக்க ரேமில் வைப்பது வழக்கம். ரீபூட் ஆனால் பதிவு போய்விடும். அதற்குத்தான் 'டிஎச்சிபி-அத்தாரிடேடிவ்' என்ற அமைப்பு. அதைப் போட்டால், தனக்குத் தெரியாத லீஸைக் கிளையன்ட் புதுப்பிக்கக் கேட்டாலும் மௌனமாக இராமல் ஏற்றுக்கொண்டு, பதிவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கட்டிக்கொள்ளும். நெட்வொர்க்கில் வேறு டிஎச்சிபி சர்வர் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள். கொடுக்கும் முன் அந்த முகவரிக்குப் பிங் அனுப்பி யாராவது பதில் சொல்கிறார்களா என்று பார்ப்பதும் இதன் இயல்பு. பதிவு தொலைந்த நேரத்தில் இரட்டை முகவரியைத் தடுப்பது பெரும்பாலும் அந்தப் பிங்தான்.

இதில் அடிக்கடி ஏமாறும் இடம், ஓடும் புரோக்ராமுக்கு அனுப்பும் 'ஹப்' சிக்னல். ரிசர்வேஷன்களை (இந்தக் கருவிக்கு இந்த முகவரி என்ற ஒதுக்கீடுகளை) தனிக் கோப்பில் வைத்து 'டிஎச்சிபி-ஹோஸ்ட்ஸ்ஃபைல்' மூலம் காட்டியிருந்தால் ஹப் அனுப்பியதும் அது மறுபடி படிக்கப்படும். முதன்மைக் கான்ஃபிக் கோப்பு படிக்கப்படாது, அதற்கு ரீஸ்டார்ட்தான். அதனால் தினம் மாறுகிறவற்றை முதலிலிருந்தே வெளிக்கோப்பில் வைப்பது நல்லது. ரீஸ்டார்ட் செய்யும் முன் டெஸ்ட் விருப்பத்தோடு ஓட்டி இலக்கணப் பிழையைப் பார்த்துவிடலாம்.

டிஎன்எஸ் வேலை வேறு இடத்தில் நடக்கிறது என்றால் 'போர்ட்' மதிப்பை 0 ஆக்கி அந்தப் பகுதியை அணைத்துவிடுங்கள். 53-ஆம் போர்ட்டில் சிஸ்டம்டி-ரிசால்வ்டுடன் வரும் மோதல் போகும், பாதுகாப்புக்கும் நல்லது. 2021 ஜனவரியில் வெளிவந்த டிஎன்எஸ்பூக் ஓட்டைகள் ஏழும் டிஎன்எஸ் பக்கத்தில் இருந்தவை. ஒரே புரோக்ராம் என்பதால் ஒரு பக்க ஓட்டை மறுபக்கத்தையும் சாய்க்கும்.

இதன் உண்மையான எல்லை ஒன்றுதான்: இரண்டு சர்வர்கள் லீஸைப் பகிர்ந்துகொள்ள வழியில்லை. ஒரே சப்நெட்டைப் பிரித்து, ஒன்றுக்கு 50 முதல் 149 வரை, மற்றதற்கு 150 முதல் 249 வரை என்று தருவது பழைய தந்திரம். அது ஓடும். ஆனால் ரிசர்வேஷன் கோப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று கொடுத்த பெயர் மற்றதன் டிஎன்எஸ்ஸில் தெரியாது. இரண்டிலும் அத்தாரிடேடிவ் போட்டால், அணைந்து எழுந்த கருவி ஒரு சர்வரிடம் வாங்கிய முகவரியைக் கேட்கும்போது மற்றது நாக் (மறுப்பு) அனுப்பிவிடும். இந்தத் தந்திரத்துக்கு அத்தாரிடேடிவ் கூடாது.

கியா

ஐஎஸ்சி-யின் பைண்ட் 10 திட்டத்திலிருந்து பிரிந்து வந்தது. எம்பிஎல் 2.0 உரிமம். நடுவெண் இரட்டைப்படையானால் நிலையான பதிப்பு, ஒற்றைப்படையானால் சோதனைப் பதிப்பு; உற்பத்திச் சர்வரில் 2.7 போன்றவற்றைப் போடாதீர்கள். 2025 ஜூனில் வந்த 3.0-தான் முதலாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. முன்பு கட்டணச் சந்தாவில் மட்டும் கிடைத்த ஹூக் நூலகங்களில் (கியாவில் செருகும் கூடுதல் பாகங்கள்) பெரும்பாலானவை அதில் திறந்த மூலமாகிவிட்டன. ரிசர்வேஷனை ஓடும்போதே சேர்க்கும் ஹோஸ்ட் கமாண்ட்ஸ், சப்நெட் கமாண்ட்ஸ், பிங் செக் எல்லாம் அதில் அடக்கம். பழைய ஒப்பீடுகளைப் படித்துவிட்டு "கியாவில் பாதி காசு கொடுத்தால்தான்" என்று ஒதுக்கியவர்கள் மறுபடி பார்க்கலாம்.

லீஸை மூன்று இடங்களில் வைக்கலாம்: மெம்ஃபைல் எனும் சிஎஸ்வி கோப்பு, மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ். டேட்டாபேஸ் என்றதும் பாதுகாப்பு கூடியதாகத் தோன்றும். பெரும்பாலான இடங்களுக்கு மெம்ஃபைல்தான் சரி என்பது எங்கள் கணிப்பு. லீஸ் எல்லாம் நினைவகத்தில் இருப்பதால் வேகம் அதிகம். வளரும் கோப்பை இயல்பாக 3600 விநாடிக்கு ஒருமுறை தனிப் புரோக்ராம் சுருக்கிவைக்கும். டேட்டாபேஸில் வைத்தால், அது விழுந்ததும் இயல்பமைப்பில் கியா முகவரி கொடுப்பதை நிறுத்திவிடும். டேட்டாபேஸ் நிர்வாகி ஏற்கெனவே இருக்கிறார், லீஸ்களை வேறு செயலிகள் எஸ்க்யூஎல்-இல் வாசிக்க வேண்டும் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். பதிப்பு மாற்றும்போது 'கியா-அட்மின்' மூலம் ஸ்கீமாவையும் உயர்த்த வேண்டும். மறந்தால் சர்வர் எழாது.

கான்ஃபிக் ஜேசான் வடிவில். ஒவ்வொரு சப்நெட்டுக்கும் ஓர் எண் உண்டு, லீஸ்கள் அந்த எண்ணோடுதான் பிணைந்திருக்கின்றன. அதை வெளிப்படையாக எழுதி, பிறகு ஒருபோதும் மாற்றாதீர்கள். கோப்பை அழகுபடுத்துவதாக எண்களை வரிசை மாற்றினால், ஓடும் லீஸ்கள் வேறு சப்நெட்டின் கணக்கில் போய் உட்காரும். இன்னொன்று: சாக்கெட் வழியாக 'கான்ஃபிக்-செட்' கொடுத்த மாற்றம் நினைவகத்தில்தான் இருக்கும். 'கான்ஃபிக்-ரைட்' கொடுக்காமல் ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும். கொடுத்தாலோ கோப்பில் நீங்கள் எழுதிய குறிப்புகள் எல்லாம் அழிந்து, ஒரே ஜேசானாக வந்து நிற்கும். ஆகவே கோப்பை கிட் (git) பதிப்புக் களஞ்சியத்தில் வைத்து மறுவாசிப்பு மட்டும் செய்வதா, ஏபிஐ வழியாக மாற்றுவதா என்பதை முதல் நாளே தீர்மானியுங்கள். இரண்டையும் கலந்தால் எது உண்மையான கான்ஃபிக் என்று யாருக்கும் தெரியாது.

சர்வர் எழும்போது இன்டர்ஃபேஸ் இன்னும் தயாராகவில்லை என்றால் கியா அதை விட்டுவிட்டு ஓடத் தொடங்கும். பிராசஸ் பச்சையாக இருக்கும், யாருக்கும் முகவரி போகாது. 'சர்வீஸ்-சாக்கெட்ஸ்-மேக்ஸ்-ரீட்ரைஸ்' என்ற எண்ணைக் கொடுத்தால் திரும்பத் திரும்ப முயலும். விஎல்ஏஎன், பாண்ட் இன்டர்ஃபேஸ் உள்ள சர்வர்களில் இதைத் தவறாமல் போடுங்கள். பொதியாக நிறுவியவர்கள் தொடங்க மறுக்கும்போது லினக்ஸின் அணுகல் தடுப்பான ஆப்ஆர்மரின் பதிவையும் பாருங்கள். கான்ஃபிக்கையோ லீஸ் கோப்பையோ வழக்கமில்லாத அடைவில் வைத்தால் அது தடுக்கும். 3.0-இலிருந்து கியாவே லீஸ் கோப்பு, ஹூக், சாக்கெட் ஆகியவற்றைக் குறித்த அடைவுகளுக்கு வெளியே ஏற்பதில்லை.

இரண்டு சர்வர் என்னும் கேள்வி

முடிவு உண்மையில் திரும்புவது இங்கேதான். டிஎச்சிபிடியின் ஃபெயில்ஓவர் பூலை இரு பங்காகப் பிரித்து வைத்திருக்கும். தொடர்பு அறுந்தால் ஒவ்வொன்றும் தன் பங்கிலிருந்து, குறுகிய காலத்துக்கு மட்டும் புதிய லீஸ் தரும். மற்றது செத்துவிட்டது என்று இயல்பாகத் தானே முடிவெடுக்காது. அதனால் இணைப்பு மட்டும் அறுந்து இரண்டும் உயிரோடிருக்கும் நிலையில் இரட்டை முகவரி வராது. ஆனால் பலர் அதைப் புரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் அறுந்த நிலையிலேயே ஓட்டியதும் உண்டு.

கியாவின் எச்ஏ (ஹை அவைலபிலிட்டி, ஒன்று விழுந்தாலும் சேவை நிற்காமை) ஹூக் தானே முடிவெடுக்கும். ஹாட்-ஸ்டாண்ட்பை முறையில் ஒன்று வேலை செய்யும், மற்றது லீஸ்களை வாங்கி வைத்துக் காத்திருக்கும். பூலைப் பிரிக்க வேண்டாம். லோட்-பேலன்சிங் முறையில் இரண்டும் பதில் சொல்லும், ஆனால் பூல்களை இரு சர்வர்களின் கிளாஸ் பெயர்களோடு நீங்களே பிரித்து எழுத வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் இரண்டும் ஒரே முகவரிக்குப் போட்டி போடும். பெரும்பாலானோருக்கு ஹாட்-ஸ்டாண்ட்பை போதும். இதோடு லீஸ் கமாண்ட்ஸ் ஹூக்கும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றின் லீஸ் மற்றதற்குப் போகாது.

சோதனையில் மாறிவிட்டு உண்மையில் மாறாத எச்ஏ-வுக்கு வழக்கமான காரணம் 'மேக்ஸ்-அன்அக்ட்-கிளையன்ட்ஸ்' எண். இதயத்துடிப்புப் பரிமாற்றம் நின்றதும் காத்திருக்கும் சர்வர் உடனே பொறுப்பேற்காது; கிளையன்ட்கள் அனுப்பும் பாக்கெட்டில், எத்தனை விநாடியாக முயல்கிறார்கள் என்று சொல்லும் 'செக்ஸ்' (secs) புலத்தைப் பார்த்து, இத்தனை பேர் நெடுநேரம் பதிலின்றித் தவிக்கிறார்கள் என்று எண்ணும். எண் 10 என்றிருந்து, இரவில் புதிதாகக் கேட்பவர் மூவர்தான் என்றால் அந்த மூவரும் காலைவரை தவிப்பார்கள். சிறிய நெட்வொர்க்கில் 2 போன்ற சிறிய எண், அல்லது நேரடியாக 0. சுழி என்றால் தொடர்பு அறுந்த காலக்கெடு முடிந்ததுமே பொறுப்பேற்பு. அப்போது இணைப்பு மட்டும் அறுந்தாலும் இரண்டுமே முகவரி கொடுக்கும். ஆகவே இரண்டு சர்வர்களுக்கும் இடையே தனிக் கேபிளோ மாற்றுப் பாதையோ வேண்டும்.

கடிகாரமும் முக்கியம். இரண்டு சர்வர்களின் நேரம் 30 விநாடி விலகினால் எச்சரிக்கை, 60 தாண்டினால் எச்ஏ-வே நின்றுவிடும். ஒன்றின் என்டிபி அமைப்பை மாற்றினால் மற்றதிலும் அன்றே மாற்றுங்கள். எச்ஏ கேட்கும் போர்ட்டும், வெளியிலிருந்து கட்டளைகளை வாங்கும் கன்ட்ரோல் ஏஜென்ட்டின் 8000-உம் ஒன்றாக இருக்கக் கூடாது. முதல் முறை அமைக்கும்போது பலர் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள்.

மூலநிரலிலிருந்து கட்டுவதா, பொதியா

டிஎன்எஸ்மாஸ்க்கை நீங்களே கட்டுவதில் வலியில்லை. கியா அப்படியல்ல. 3.0 முதல் கட்டுமானம் ஆட்டோடூல்ஸிலிருந்து மெசானுக்கு மாறிவிட்டது. பழைய 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்டை அழைக்கும் உங்கள் தானியங்கிகள் அங்கேயே நிற்கும். பூஸ்ட், லாக்4சிபிளஸ், ஓப்பன்எஸ்எஸ்எல் அல்லது போட்டன் கட்டாயம். டேட்டாபேஸ் ஆதரவைத் தனியே இயக்க வேண்டும். சி++ டெம்ப்ளேட்டுகள் நிறைந்த நிரல் என்பதால் ஒவ்வொரு கம்பைலர் பிராசஸும் நினைவகத்தைத் தாராளமாகத் தின்னும். 4 ஜிபி இயந்திரத்தில் எட்டு இணை வேலை விட்டால் பாதியில் கெர்னல் ஒன்றைக் கொன்றுவிடும். அதைக் கம்பைலர் பிழை என்று நினைத்துத் தேடாமல், இணை எண்ணை 2 ஆக்கிப் பாருங்கள்.

ஐஎஸ்சி-யே பொதிகள் தருவதால், கட்டுவதற்கு ஒரே நல்ல காரணம் சொந்த ஹூக். அதற்கும் முன் 'ரன் ஸ்கிரிப்ட்' ஹூக் போதுமா என்று பாருங்கள். லீஸ் உறுதியானதும் உங்கள் ஷெல் ஸ்கிரிப்டைச் சூழல் மாறிகளோடு அழைக்கும். கணக்கெடுப்பு, எச்சரிக்கை அனுப்புவது போன்றவற்றுக்கு அது தாராளம். ஸ்கிரிப்டின் பதிலை வைத்துப் பாக்கெட்டை மாற்ற வேண்டும் என்றால்தான் சி++. சொந்த ஹூக் கியாவின் பதிப்பு எண்ணைச் சரிபார்க்கும். சிறு திருத்தப் பதிப்பானாலும் மறுபடி கட்ட வேண்டும். பல திரெட்டுக்கு ஏற்றது என்று சொல்லும் ஃபங்ஷனை எழுத மறந்தால், இயல்பில் திரெட்டுகள் இயங்கும் இன்றைய பதிப்புகளில் அது ஏறவே ஏறாது.

மற்றவை பற்றி இரண்டு வரி. கண்டெய்னர், மெய்நிகர் இயந்திரங்களுக்குச் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-க்குள் இருக்கும் சிறு சர்வர் போதும். ஓப்பன்பிஎஸ்டி-யின் டிஎச்சிபிடி சுத்தமானது, ஐபிவி4 மட்டும். ஐபிவி6-ஐப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் வையுங்கள்: டிஎச்சிபிவி6 டீஃபால்ட் ரூட்டைத் தராது. டிஎன்எஸ்மாஸ்க் ரவுட்டர் அறிவிப்பையும் தானே அனுப்பும். கியாவோடு ராட்விடி போன்ற ஒன்றோ ரவுட்டரோ தனியே வேண்டும்.

எங்கள் தேர்வு இப்படி: ஒரு சர்வர், ஆயிரத்துக்குக் குறைவான கருவிகள், சர்வர் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் மாற்று எழுப்ப முடியும் என்றால் டிஎன்எஸ்மாஸ்க். இரண்டு சர்வர் கட்டாயம், அல்லது ரிசர்வேஷன்களை வேறொரு மென்பொருள் எழுதப் போகிறது என்றால் கியா. இடையில் இருப்பவர்கள் டிஎன்எஸ்மாஸ்க்கிலேயே லீஸ் காலத்தை 24 மணி நேரமாக்கினால், சர்வர் விழுந்தாலும் ஏற்கெனவே முகவரி வாங்கிய கருவிகளுக்குக் குறைந்தது 12 மணி நேரம் கைவசம் இருக்கும். அது போதுமென்றால் எச்ஏ-வின் சிக்கலை விலைக்கு வாங்க வேண்டாம்.

மாற்றும் நாள்

'கீமா' என்ற கருவி பழைய கான்ஃபிக்கைக் கியாவின் ஜேசானாக மாற்றித் தரும். முழுமையாக அல்ல, புரியாத இடங்களைக் குறித்துக் காட்டும். ரிசர்வேஷன்களைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். டிஎச்சிபிடியில் ஹோஸ்ட் அறிவிப்புகள் எங்கிருந்தாலும் எல்லா இடத்துக்கும் பொருந்தும். கியாவில் இயல்பாக அந்தந்த சப்நெட்டுக்கு மட்டும். உலகளாவிய ரிசர்வேஷன் வேண்டுமென்றால் அதற்கான அமைப்பைத் தனியே இயக்க வேண்டும்.

லீஸ்களைக் கீமா மாற்றாது. எளிய வழி, காலத்தைச் சுருக்குவது. இப்போதைய லீஸ் 86,400 விநாடி என்றால், மாற்றத்துக்கு 24 மணி நேரம் முன்பு பழைய சர்வரில் அதை 600 ஆக்குங்கள். கருவிகள் பாதி காலத்தில், அதாவது 12 மணி நேரத்துக்குள், புதுப்பிக்க வரும்போது குறுகிய லீஸைப் பெறும். 600 விநாடி லீஸில் 300 விநாடிக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்பதால் 3000 கருவிகள் விநாடிக்குச் சுமார் 10 கோரிக்கை. டிஸ்க் மெதுவானதென்றால் 1800 போடுங்கள். புதிய சர்வருக்குப் பழையதன் ஐபி-யையே கொடுத்துவிடுங்கள். புதுப்பிப்புக் கோரிக்கை பழைய முகவரிக்கே நேராகப் போகும். அங்கே யாரும் இல்லையென்றால் லீஸில் 87.5 சதவீதம் கழிந்த பிறகுதான் கருவி பொதுவாகக் கூப்பிடும்.

காலத்தைச் சுருக்க முடியாத இடத்தில் லீஸ் கோப்பையே சிஎஸ்வி-ஆக மாற்ற வேண்டும். பழைய கோப்பில் ஒரே முகவரி பலமுறை வரும், கடைசியில் வருவதே செல்லும். நேரங்கள் யுடிசி, கியாவுக்கு எபாக் விநாடி வேண்டும். கிளையன்ட் ஐடி எழுத்தாகவும் ஆக்டல் எண்களாகவும் கலந்து வரும், அதை ஹெக்ஸாக்க வேண்டும். ஸ்கிரிப்ட் தவறுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான்.

ஒரே இயந்திரம் இரண்டு முகவரி வாங்கினால் பயப்பட வேண்டாம். நெட்வொர்க் வழியே பூட் செய்யும் பிஎக்ஸ்இ ஃபர்ம்வேர் ஒரு கிளையன்ட் ஐடியும், எழுந்த பின் இயக்க முறைமை வேறொன்றும் அனுப்புகின்றன. கியாவில் 'மேட்ச்-கிளையன்ட்-ஐடி' அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் மேக் முகவரியை மட்டும் பார்க்கும். டிஎன்எஸ்மாஸ்க்கில் அந்த ஹோஸ்ட் வரியில் ஐடியை நட்சத்திரக் குறியாகக் கொடுங்கள்.

பழைய சர்வரை நிறுத்தியதோடு விடாமல் சிஸ்டம்டி-யில் மாஸ்க் செய்துவிடுங்கள். ரீபூட்டில் எழுந்து வந்து பழைய பதிவோடு பதில் சொல்லத் தொடங்கினால் தேடிக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். முதல் நாள் முழுக்கக் கியாவின் புள்ளிவிவரங்களில் 'டிக்ளைன்ட்-அட்ரெஸஸ்' எண்ணைக் கவனியுங்கள். அது ஏறினால், பூலுக்குள் யாரோ கையால் முகவரி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்படி மறுக்கப்பட்ட ஒவ்வொரு முகவரியையும் கியா இயல்பாக 86,400 விநாடி ஒதுக்கிவைக்கும். சிறிய பூல் ஒரே காலையில் காலியாகிவிடும். லாகில் எந்த முகவரி என்று பார்த்து, ஏஆர்பி அட்டவணையில் அதன் மேக்கைப் பிடித்து, அந்தக் கருவிக்கு ரிசர்வேஷன் போடுங்கள் அல்லது பூலின் எல்லையை நகர்த்துங்கள். அதுவரை 'டிக்ளைன்-ப்ரொபேஷன்-பீரியட்' மதிப்பை 3600-க்கு இறக்கி வைத்திருக்கலாம்.